தேடலில் அகப்படாத பெயர்

ஆரையம்பதி அழகரத்தினத்துக்குப் பகலில் மின்மானி வாசிக்கும் வேலை. வீடு வீடாகப் போய் இலக்கத்தைக் குறித்து வருவார். மின்சாரம் நின்றதற்கான ஏச்சையும் வாசல் படலையடியில் நின்று அவரே வாங்கிக்கொள்வார். மாலையில் குளித்துச் சாப்பிட்டுவிட்டுக் கணினிக்கு முன்னால் உட்காருவார்.

சுனாமியில் வீடு போய் முகாமில் இருந்தபோது, நிவாரண அலுவலகமொன்றில் பெயர் பதிந்து கொடுத்துப் பழகியது அந்தக் கணினி வேலை. அங்கிருந்த இலவச இணைய உலாவியில் தமிழ் உடைந்து உடைந்து தெரிந்தது. அதை உருவாக்குகிறவர்கள் பல நாடுகளிலிருந்து சம்பளமில்லாமல் செய்கிறார்கள் என்று அறிந்ததும், தமிழைப் பார்த்துக்கொள்ள இவரும் சேர்ந்துகொண்டார்.

2009 மே மாதம் போர் முடிந்தது. ஜூனில் உலாவியின் தமிழ்ப் பகுதிக்கான முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது.

"உங்கட உலாவியில எதைத் தேடினாலும் வராது. செய்யத் தெரியாட்டி ஏன் வெளியில விடுறீங்க? நாளைக்கிடையில திருத்துங்க." கீழே, தக்ஷாயினி, பெரியகல்லாறு.

மனைவி மேனுகா பின்னால் நின்று வாசித்தாள். "சம்பளம் தாற ஆள் மாதிரி ஏசுறா. இதுக்கும் மறுமொழி எழுதப் போறீங்களா?"

"ஓம். என்ன பிழை எண்டு இன்னும் சொல்லல்லயே."

அவருக்கும் கோபம்தான். அது மறுமொழியிலும் தெரிந்தது. "இது நான் வேலை முடிஞ்சு வந்து சும்மா செய்யிறது. நாளைக்கிடையில ஏலாது. எந்தச் சொல், எந்தப் பக்கம் எண்டு எழுதுங்க."

மறுநாள் பதில் வந்தது. அவளுடைய தம்பி நிலோஜன் போர் நடந்த வன்னியில் இருந்தவன். அங்கிருந்து வந்து முகாம்களில் இருப்போரின் பெயர்களை யாரோ இணையத்தில் போட்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கான பெயர்கள். 'நிலோஜன்' என்று தேடினால் எதுவுமே அகப்படவில்லை. ஆனால் அதே பெயருள்ள வேறு இருவரை அந்தப் பட்டியலிலேயே அவள் கண்ணால் கண்டிருந்தாள். சம்பளமில்லாத வேலை என்று தனக்குத் தெரியாது என்றும் எழுதியிருந்தாள்.

அழகரத்தினம் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்தார். பிழை 'லோ'வில் இருந்தது. பட்டியலில் அதைக் கொம்பு, கால் எனத் துண்டு துண்டாகத் தட்டியிருந்தார்கள், அவள் ஒரே எழுத்தாகத் தட்டினாள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, உலாவிக்கு வேறு வேறு.

"நான் மறுகாப் படுக்கிறன், நீ போய்ப் படு," என்றார் மேனுகாவிடம். பிழையைத் திருத்தப் பதினொரு மாலைகள் பிடித்தன. கூடச் செய்யும் மற்ற நாட்டுக்காரர் இருவர் பார்த்துச் சரி என்ற பிறகு, சோதனைப் பதிப்பை அவளுக்கு அனுப்பினார்.

"இப்ப தேடுது," என்று எழுதினாள். "மூண்டு நிலோஜன் வந்திச்சு. ஒண்டும் எங்கட தம்பி இல்ல. இல்ல எண்டாவது இப்ப நிச்சயமாத் தெரியும். பெரிய உபகாரம், அண்ணன்."

மடல் கிடைத்தது என்று மட்டும் அவர் எழுதினார்.

அந்த வருடம் முடிவதற்குள் அவள் இன்னும் நான்கு பிழைகளைக் கண்டு எழுதினாள். ஒவ்வொன்றோடும் பக்கத்தின் முகவரி, பிழைபட்ட சொல், 'நேரம் கிடைக்கேக்க பாருங்க' என்ற வரி. எல்லாம் முகாம்களின் பெயர்ப் பட்டியல்களில் கண்ட பிழைகள். தம்பியைப் பற்றி அவள் எழுதவில்லை. அவரும் கேட்காமல் ஒவ்வொன்றையும் திருத்தி அனுப்பினார்.