அப்பா தொட்டியில் இறங்கினால் கரண்ட் போகும்

கட்டாரிலிருந்து லீவில் வந்த அண்ணன், அப்பாவின் முதுகு நோவுக்கென்று சுடுதண்ணீர்த் தொட்டி ஒன்றைப் பொருத்திவிட்டுப் போனான். அன்றிலிருந்து, அப்பா அதற்குள் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீடெல்லாம் கரண்ட் போய்விடும்.

இன்று பெரியகல்லாற்றிலிருந்து எலக்ட்ரீசியன் வந்தார். ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தார், பம்பைப் பார்த்தார், எர்த் கம்பியையும் விடவில்லை.

"எல்லாம் நல்லாத்தான் இரிக்கு, தங்கச்சி."

அப்பாவை இறங்கச் சொன்னோம். சற்று நேரத்தில் மறுபடியும் விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், சுவிட்ச் பெட்டியடியில் அம்மா நிற்கிறார். அமத்தினால் ட்ரிப் சுவிட்சை விழுத்தும் டெஸ்ட் பொத்தானில் விரல் இன்னும் இருக்கிறது.

"என்னம்மா இது?"

"சுனாமி வந்த அண்டு இந்த மனிசனைத் தேடித் திரிஞ்சவள் நான். கனநேரம் தண்ணிக்குள்ள கிடந்தா எனக்கு நெஞ்சு பதறுது புள்ள."

ஈரத் துவாயோடு வந்த அப்பா சிரித்தார். "எனக்கு முதலே தெரியும். அவ கூப்பிடுறா எண்டுதானே எழும்பி வாறன்."

எலக்ட்ரீசியன் சாமான்களைப் பையில் போட்டுவிட்டுத் தேத்தண்ணீர் கேட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து அம்மா அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது கரண்டை நிறுத்திக் கூப்பிடுகிறார். உங்கள் வீடுகளில் எப்படி?