கருவாடு மணத்த பெட்டகம்

"பெட்டை படிச்சு எந்தக் கந்தோரில உத்தியோகம் பாக்கப்போறாள்?" என்று மாமி அப்பாவிடம் கேட்டார். அடுப்படியில் இருந்த எனக்கும் கேட்கட்டும் என்று சற்று உரக்கவே கேட்டார். மாமி அப்பாவின் அக்கா. அம்மா இறந்தபின் எங்கள் வீட்டில் உரக்கப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

அடுத்த வாரம் அப்பா மன்னாரிலிருந்து ஏலக்காரரை எங்கள் ஊரான பேசாலைக்கு அழைத்து வந்தார். விற்கத்தக்கதாக எங்களிடம் ஒன்றுதான் இருந்தது: அம்மா சீதனமாகக் கொண்டுவந்த ஒல்லாந்தர் காலத்துப் பெட்டகம். கரிய மரம், மூலைகளில் பித்தளைத் தகடு. ஏலக்காரர் மூடியைத் திறக்காமலே அதைச் சுற்றிவந்து, விரலால் தட்டிப் பார்த்து, "நாப்பது ரூபா மதிக்கலாம்" என்றார்.

யாழ்ப்பாணத்துக் கன்னியர் மடப் பள்ளியில் என்னைச் சேர்க்க அது போதும். பெரியவர் ஒருவர் விலை சொன்னால் அதுதான் விலை என்று நம்பும் வயது எனக்கு. அன்றே மனதுக்குள் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

ஏலத்தன்று மாட்டுவண்டியில், பெட்டகத்தின் மேல் உட்கார்ந்து மன்னாருக்குப் போனேன். எங்கள் முறை வந்ததும் கொழும்பு வியாபாரி ஒருவர் எழுந்து வந்து மூடியைத் திறந்தார்.

அம்மா அதில் சேலை வைத்ததில்லை. எலி ஏறாத, ஈரம் புகாத இடம் எங்கள் வீட்டில் அது ஒன்றுதான் என்பதால், கோயில் பெருநாள் விருந்தாளிகளுக்கான நல்ல பாரைக் கருவாட்டை அதில்தான் வைப்பார். அந்த மணம் எங்கள் மூக்குக்குத் தெரிந்ததே இல்லை.

வியாபாரி சால்வையால் மூக்கைப் பொத்தினார். "இது பெட்டகமோ, கருவாடு காயப்போடுற வாடியோ? கெதியா மூடுங்கோ, மன்னார்ப் பூனையெல்லாம் ஏலம் கேக்க வந்திடும்!"

ஏல முற்றமே சிரித்தது. கேட்க வந்திருந்த மற்றவர்களும் சிரித்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். ஏலக்காரர் பத்து ரூபாய்க்கு இறங்கியும் எவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அந்த வியாபாரியே, "பாவம், ஏழைச் சனம். பதினொண்டு தாறன்" என்றார். ஒருதரம், ரெண்டுதரம், மூண்டுதரம்.

"நாப்பதெண்டு சொன்னீங்களே, ஐயா" என்றார் அப்பா.

"அது நான் சொன்ன மதிப்பு. விலை சொல்லுறது வாங்க வந்த ஆக்கள்."

அப்பா வியாபாரியைக் கும்பிட்டார். என்னையும் கும்பிடச் சொன்னார். அவர் எங்களைப் பார்க்கவில்லை. தன் வண்டியில் தயாராக இருந்த வைக்கோலையும் புதுச் சாக்குகளையும் எடுத்து, பித்தளை மூலை ஒவ்வொன்றையும் தன் கையாலேயே சுற்றிக்கொண்டிருந்தார். மணம் வெளியே வராமலிருக்கத்தான் அவ்வளவு சாக்கு என்று நினைத்தேன்.

வீட்டில் பெட்டகம் இருந்த இடம் மட்டும் வெளிறிக் கிடந்தது. அப்பா கடலுக்குப் போன நாட்களில் அந்த இடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வேன்.

மறுவருடம் அப்பா தன் கரைவலைப் பங்கை விற்று என்னைப் பள்ளியில் சேர்த்தார். அங்கே விடுதியில் நான் துணிப்பெட்டியைத் திறந்ததும் பக்கத்துக் கட்டில்காரி மூக்கைப் பொத்தினாள். கடைசிச் சன்னலோரக் கட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அங்கிருந்த வருடங்களில் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தவர் எவருமில்லை. பேச ஆளில்லாதபோது பழையதை நினைப்பதுதான் வேலை. அப்படி நினைத்த ஒரு மாலையில் அந்தப் புதுச் சாக்குகள் நினைவுக்கு வந்தன. சிரிக்க வைத்து மற்றவர்களை விலக்கிய மனிதர், வாங்கிப் போவதற்கென்றே அவற்றைக் கொண்டுவந்திருந்தார். நாற்பதும் பொய்யில்லை. அந்த முற்றத்தில் எங்கள் பெட்டகத்தை விரும்பிய இன்னொருவர் இல்லை, அவ்வளவுதான்.

இன்று நான் பேசாலைப் பள்ளியில் ஆசிரியை. போன கிழமை மாமி வந்தார். கண் வைத்தியத்துக்காகத் தான் உட்காரும் பழைய ஒல்லாந்தக் கதிரையை ஏலத்தில் விடப்போகிறாராம்.

"இருவத்தஞ்சு மதிக்கிறாங்கள், பிள்ளை. கிடைக்குமே?" இம்முறை மெதுவாகத்தான் கேட்டார்.

"ஆர் ஆர் வருவினம், மாமி?"

"ஆரோ கொழும்பு ஆளாம்."

அவர் போனதும் காலி நகர வியாபாரி ஒருவருக்கும் கண்டி வியாபாரி ஒருவருக்கும், கதிரையின் கால் வளைவு முதல் பின்னல் வரை விவரித்து, ஏல நாளையும் சொல்லித் தனித்தனியே எழுதினேன். இரண்டு கடிதங்களும் நேற்றைய ரயிலில் போய்விட்டன.