சகிப்புத்தன்மைக்கு விழுந்த முட்டை

போதை மீட்பு இல்லத்தின் கீழ்த்தளத்தில், மூன்று பெரிய துணி துவைக்கும் இயந்திரங்களுக்கு நடுவில் பதினாறு வருஷம் நின்றவருக்கு லாண்டரி அக்கா என்றுதான் பெயர். மாடியில் யார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதைப் படுக்கை விரிப்பை வைத்தே சொல்லிவிடுவார். "ஏழாம் நம்பருக்கு இன்னைக்கு ரெண்டாவது நாள். வேர்வையைப் பிழிஞ்சா வாளி நிறையும். நாளன்னைக்குப் பாருங்க, தூங்கிடுவாரு." நர்ஸ் சீட்டை எடுத்துப் பார்த்தால் ரெண்டாவது நாள் என்றே இருக்கும்.

அந்த இல்லத்தில் உதவி ஆலோசகர் வேலை ஒன்று காலியானது. போதைப் பழக்கம் பற்றிய ஒரு வருஷச் சான்றிதழ்ப் படிப்பு முடித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அக்காவுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. போய்ச் சேர்ந்தார். வகுப்பு ஒழுங்காக நடந்தது, பரீட்சைதான் காலை வாரியது. முதல் தடவை ஃபெயில். இரண்டாம் தடவையும் ஃபெயில். மூன்று முறைக்கு மேல் எழுத முடியாது.

"என்னக்கா, ரெண்டு முட்டை ஆச்சு," என்றார் கீழ்த்தளத்து சூப்பர்வைசர். "இன்னொண்ணும் வாங்கிட்டு வாங்க, ஆம்லெட்டே போட்டுடலாம்."

"போடலாம் சார். முதல்ல நீங்க அந்தத் தலையணை உறைகளை எண்ணிக் கொடுங்க," என்றார் அக்கா. சிரிக்கத்தான் செய்தார். ஆனால் அன்று ஒரு மூட்டை வெள்ளைத் துணியோடு ஒரு சிவப்புத் துண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டார். பதினாறு வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை.

முட்டை என்றால் உண்மையான முட்டைதான், சிவப்பு மையில், பதினைந்து மார்க் கேள்விக்குப் பக்கத்தில். பாடப் புத்தகம் ஆங்கிலத்தில். புரியாதவர்களுக்காக யாரோ அகராதியைப் பார்த்துத் தயாரித்த தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றும் உண்டு; மங்கலான நகல். அதில் டாலரன்ஸ் என்பதற்கு நேராக 'சகிப்புத்தன்மை' என்று இருந்தது. பரீட்சையிலும் அப்படியே கேட்டார்கள்: 'சகிப்புத்தன்மை அதிகரிப்பதால் ஏற்படும் ஆபத்துகளை விளக்குக.'

அக்காவுக்குத் தெரியாததா? முதல் மாதம் வீட்டில் உள்ளவர்கள் குடிக்கிறவனோடு சண்டை போடுவார்கள். ஆறாம் மாதம் பாட்டிலை ஒளித்து வைப்பார்கள். இரண்டாம் வருஷம் அவன் வேலை செய்யும் இடத்துக்குத் தாங்களே போன் செய்து, காய்ச்சல் என்று பொய் சொல்வார்கள். இப்படிச் சகிப்புத்தன்மை கூடக் கூட ஆபத்தும் கூடும் என்று இரண்டு பக்கம் எழுதினார். முட்டை விழுந்தது. இன்னும் விரிவாக எழுதியிருக்க வேண்டும் போல என்று நினைத்து, அடுத்த முறை மூன்று பக்கம் எழுதினார். இன்னும் பெரிய முட்டை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி வந்தான். பார்சல் வேன் ஓட்டுகிறவன். எல்லாவற்றையும் விட்டு ஐந்து வருஷம் ஆகிறது. ஆனால் பழைய கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயர் மட்டும் அவனை விடவில்லை: ஸ்டெடி. எவ்வளவு ஊற்றினாலும் கோடு போட்டது போல நடப்பானாம்.

சமையலறை மேசையில் கிடந்த விடைத்தாளை எடுத்துப் படித்தான்.

"காய்ச்சல்னு போன் பண்ணினது... இது நீதானே?"

"நானேதான். பதினோரு தடவை. ஒரு தடவை உனக்கு அம்மையே வரவச்சேன்."

"அதான் ஒரு வாரம் எவனும் என்கிட்டயே வரலையா!" என்றவன் பாடப் புத்தகத்தைப் புரட்டினான். அவன் ஆங்கிலம் தட்டுத் தடுமாறும், ஆனாலும் போய்ச் சேர்ந்துவிடும். "அதே அளவு போட்டா பழைய மாதிரி ஏறாது... இன்னும் வேணும்... உடம்பு பழகிடும்..." சட்டென்று நிமிர்ந்தான். "அடிப்பாவி அக்கா! இது சகிப்புத்தன்மை இல்ல. ஸ்டெடி! என் பேரைத்தான் போட்டிருக்கான்!"

"போடா."

"சத்தியமா. ஊரே கைதட்டுச்சே, அது நோயோட அடையாளமாம்."

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், தம்பி சிரிப்பதை நிறுத்தியிருந்தான்.

"சிகிச்சை முடிச்சு வந்த அன்னைக்கு, கதவை உடைச்சுட்டு வந்து என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனியே. நான் சாகத்தான் பார்த்தேன்னு நினைச்சுட்டு இருக்கே, இல்ல?"

அக்கா ஐந்து வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது.

"இல்லக்கா. ஒரே ஒரு தடவைன்னு, வழக்கமா போடற அளவுதான் போட்டேன். ஒரு மாசம் சும்மா இருந்ததுல உடம்பு மாறிப்போச்சு, பழைய அளவைத் தாங்கல. அது எனக்குத் தெரியல. பாரு, இதுலயே எழுதியிருக்கான்."

அக்கா புத்தகத்தை இழுத்து, அந்தப் பத்தியை எழுத்துக் கூட்டிப் படித்தார். அப்புறம் இன்னொரு முறை படித்தார். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, "அடுத்த பக்கத்தைப் படி," என்றார்.

மூன்றாவது முறை எழுத்துத் தேர்வில் தேறினார். மிச்சம் இருந்தது நேர்முகத் தேர்வு. ஆசிரியர் ஒருவர் நோயாளியாக நடிப்பார்; அவரிடம் ஆலோசகராகப் பேச வேண்டும். மேசைக்குப் பின்னால் சிவப்புப் பேனாவோடு தேர்வாளர் அம்மா.

"நீங்கதானா அந்த மூணு பக்கம்?"

"நானேதான் மேடம்."

நோயாளி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "முப்பது நாள் ஒண்ணும் தொடலை. இன்னைக்கு வீட்டுக்குப் போறேன். கடைசியா ஒரே ஒரு தடவை, பழைய அளவுதான். எனக்கு ஒண்ணும் ஆகாது."

அக்காவுக்கு முன்னால் போனவர்கள் மன உறுதி, குடும்பம், எதிர்காலம் என்றெல்லாம் பேசிவிட்டு வந்திருந்தார்கள். அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"எவ்வளவு போட்டாலும் ஸ்டெடியா நிப்பீங்களாண்ணே?"

"நிப்பேனே!"

"அந்த ஸ்டெடியான ஆளு இப்ப இல்ல. முப்பது நாள்ல போயிட்டாரு. இங்க உக்காந்திருக்கிறது புது ஆளு. பழைய ஆளோட அளவை இவரு தாங்க மாட்டாரு. மூச்சே நின்னு போகும். எங்க வீட்டுல நடந்துச்சு, கதவை உடைச்சோம். உங்க வீட்டுல கதவை உடைக்க யாருண்ணே இருக்காங்க?"

சாய்ந்திருந்த ஆசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தேர்வாளர் பேனாவை மூடினார். "இப்பத் தெரிஞ்சுதா, சகிப்புத்தன்மைன்னா என்னன்னு?"

"தெரிஞ்சுது மேடம். ஆனா என் மூணு பக்கமும் பொய்யில்ல. போதையில இருக்கிறவங்களுக்கு உடம்பு தாங்கிக்குது, வீட்டுல இருக்கிறவங்களுக்கு மனசு தாங்கிக்குது. ரெண்டுமே ஆபத்துதான். நீங்க கேட்டது ஒண்ணு, நான் எழுதினது இன்னொண்ணு. அவ்வளவுதான்."

தேர்வாளர் மறுபடி பேனாவைத் திறந்து எதையோ எழுதினார். அடுத்த வருஷம் வந்த சொற்பட்டியலில் சகிப்புத்தன்மை இல்லை. 'தாங்குதிறன்' என்று போட்டு, பக்கத்தில் 'பேச்சில்: ஸ்டெடி' என்று இருந்தது. தம்பி அந்தத் தாளை வேனில் ஒட்டிவைத்திருக்கிறான்.

வேலைக்குச் சேர்ந்த திங்கட்கிழமை, ஆலோசனை அறை நாற்காலிகளுக்குத் துவைத்த உறைகளைச் சூப்பர்வைசரே சுமந்து வந்தார். "ஆம்லெட் இல்லைன்னு ஆகிப்போச்சே மேடம்."

"அக்கான்னே கூப்பிடுங்க சார். அந்த ஓரத்து உறையில சோப்பு போகல, பாருங்க."

முதல் ஆள் வந்தார். வயது முப்பது இருக்கும், முகத்தில் இரண்டு நாள் தூக்கம் பாக்கி. வாசலிலேயே ஒரு பெண் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க யாரும்மா?"

"இவனோட அக்கா. நான் வெளியிலயே இருக்கேன். இவனைப் பாருங்க, அது போதும்."

"காய்ச்சல்னு எத்தனை தடவை போன் பண்ணிருக்கீங்க?"

அந்தப் பெண் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான்.

"ஏழு," என்றார் மெல்ல.

"நான் பதினொண்ணு," என்று சொல்லி, லாண்டரி அக்கா இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உள்ள வாங்க."