இரவு கிடந்த தண்ணீர்

ஓமந்தையிலிருந்து உள்ளே போகும் பாதையில் எங்கள் ஊர். என் மகள் படிக்கும் முன்பள்ளியில் கஞ்சி காய்ச்சுபவர் கமலாட்சி அக்கா. அவரின் தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து, இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். அக்காவிடம் வாய் கொடுத்து மீண்டவர் இல்லை. ஆனால் வாசலுக்கு வந்த எவரையும் வெறும் வயிற்றோடு அனுப்பவும் மாட்டார்.

குழாய்த் தண்ணீரில் ஈயம் கலக்கிறதா என்று பார்க்க வவுனியாவிலிருந்து அஸ்வர் என்ற உத்தியோகத்தர் வந்தார். பழைய பித்தளைக் குழாய்களில் ஈயம் இருக்குமாம். இரவு முழுக்க உள்ளே கிடக்கும் தண்ணீரில் அது கரையுமாம். நிறமும் மாறாது, ருசியும் மாறாது, பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத்தான் மெல்லக் கெடுக்கும்.

"விடிய நான் வந்து முதல் தண்ணி பிடிக்குமட்டும் ஒருத்தரும் பைப்பைத் திறக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச நாளில் முடிவு வந்தது. பக்கத்து வீடுகளில் ஈயம் இருந்தது. அதே காலத்துக் குழாய் பொருத்திய முன்பள்ளியில் மட்டும் ஒன்றுமில்லை. நாங்கள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். அஸ்வருக்கு மனம் ஒப்பவில்லை, திரும்பவும் வந்தார்.

"அக்கா, அண்டைக்கு நான் வரமுதல் பைப்பைத் திறந்தனீங்களோ?"

"ஓம் தம்பி, பின்ன? நல்லா ஓடவிட்டு, குளிர்ந்த தண்ணி வந்தாப்பிறகுதான் பூட்டினனான். வீடு தேடி வந்த பிள்ளைக்கு ராத்திரிக் கிடந்த தண்ணியையோ குடுக்கிறது?"

அஸ்வர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

"அப்ப கஞ்சிக்கு?" என்று அவர் கேட்டார்.

அக்கா கஞ்சிப் பானையைத் திரும்பிப் பார்த்தார். கோடையில் கிணறு வற்றும் ஊர் இது. கஞ்சிக்கென்று அவர் ஒரு சொட்டும் வீணாக்குவதில்லை. விடியற்காலை குழாயைத் திறந்ததும் விழும் தண்ணீர் நேரே பானைக்குள்தான் போகும்.

"ஐயோ, வந்தவருக்கு நல்ல தண்ணி, என்ர பிள்ளையளுக்குக் கிடந்த தண்ணி" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அவர்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் வீட்டு உலையிலும் அதே முதல் தண்ணீர்தானே கொதிக்கிறது?

அடுத்த நாள் எவரும் கை வைக்காமல் பிடித்த தண்ணீரில் ஈயம் இருந்தது. முன்பள்ளி அடுப்பு அணைந்தது. பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்த டொக்டர், பயப்படும் அளவுக்கு இல்லை, இனி அந்தத் தண்ணீர் மட்டும் வேண்டாம் என்றார். அதன் பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

அக்கா நேரே நீர்ச் சங்கத் தலைவர் பிரசாந்தனின் வீட்டுக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம்.

"பைப் மாத்திறது அடுத்த வருசத் திட்டத்தில இருக்கக்கா" என்றார் பிரசாந்தன்.

"அப்ப பிள்ளையளை அடுத்த வருசம் வளரச் சொல்லுங்கோ!"

அந்த வாரமே முன்பள்ளியிலும் ஈயம் கண்ட வீடுகளிலும் பழைய குழாய்கள் கழன்றன.

கடைசிச் சோதனைக்கு அஸ்வர் வந்த அன்று, அக்கா தன் கைகளை நம்பாமல் இரண்டையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு நின்றார். போத்தல் நிறையும்போது, "கோவிக்காதேங்கோ தம்பி, இது கிடந்த தண்ணிதான்" என்று மன்னிப்பு வேறு கேட்டார்.

தண்ணீர் நல்லது என்று அஸ்வர் போனில் சொன்னார். மறுநாள் அடுப்பு எரிந்தது. புதுக் குழாய்தான், என்றாலும் அக்கா முதல் வாளியைப் பூமரத்துக்கு ஊற்றிவிட்டே பானையை வைத்தார். பிள்ளைகள் வரிசையாக இருந்து குடித்தார்கள்.

"அக்கா, உப்பு இல்லை" என்றாள் ஒரு சின்னப் பெண்.

"ஓமடி குஞ்சு, சந்தோசத்தில மறந்துபோனன்" என்று அக்கா அழுதுகொண்டே சிரித்தார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அன்று பானையில் ஒரு கரண்டியும் மிஞ்சவில்லை.