யாரும் குடிக்காத தண்ணீர்

என் வாப்பாவிடம் ஒரு கதை இருக்கிறது. கல்யாண வீடோ, இறந்தவருக்குக் கத்தம் ஓதும் வீடோ, நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் போதும், தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். ரங்கூனே நம்மைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்த வருஷத்தில்கூட, எங்கள் தெருக்காரர்கள் எங்கள் வாசல் பானையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தவில்லை என்பதுதான் கதை. ஊரை எல்லோரும் யாங்கோன் என்று சொல்லப் பழகிவிட்டோம்; அவருக்கு மட்டும் இன்னும் ரங்கூன்தான். கேட்பவர்கள் மாஷா அல்லாஹ் என்பார்கள். யாராவது கண்ணைத் துடைத்துக்கொள்வதும் உண்டு. நான் எழுந்து அடுப்படிப் பக்கம் போய்விடுவேன். அந்தப் பானையிலிருந்து ஒருவரும் ஒரு மடக்குக்கூடக் குடிக்கவில்லை. குடித்த மாதிரிக் காட்டியவள் நான்.

அப்போது எனக்குப் பத்து வயது. தின்கன்ஜூன் பேட்டையில் இப்போது இருக்கும் அதே வீடுதான். இந்த ஊரில் வீட்டு வாசலில் வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பானை வைப்பது புண்ணியம். மரத்தில் ஒரு சின்ன மேடை, அதற்கு மேலே பொம்மை வீட்டுக்குப் போட்ட மாதிரி ஒரு கூரை, உள்ளே மண்பானை, மூடி, அதன் மேல் கவிழ்த்த குவளை. தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது நமக்கும் நன்மைதானே என்று, தம்பி பிறந்த வருஷம் வாப்பாவும் ஒன்று செய்து வைத்தார். தினமும் விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு உம்மா வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பானையைக் கழுத்துவரை நிரப்பிவிடுவார். சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா மிதிப்பவர்கள் வண்டியை ஓரம்கட்டிவிட்டுக் குடிப்பார்கள். கீரைக்காரி குடிப்பாள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் குடிப்பார்கள். சாயங்காலம் வாப்பா போட்டாதாங் துறையில் இருக்கும் கடையைப் பூட்டிவிட்டுப் பஸ்ஸில் வந்து இறங்கும்போது பானை பாதிக்கு மேல் காலியாகியிருக்கும். படகுக்காரர்களுக்குக் கயிறும் தார்ப்பாயும் விற்கிற மனிதர் அவர். ஆனால் கடையில் வியாபாரம் எப்படி என்பதைவிடப் பானையில் எவ்வளவு போயிருக்கிறது என்பதில்தான் அவருக்குப் பெருமை.

அந்த வருஷம் கடைகளில் ஒரு ஸ்டிக்கர் முளைத்தது. அது ஒட்டிய கடையில்தான் பௌத்தர்கள் வாங்க வேண்டுமாம். எங்களைப் போன்ற முஸ்லிம்களின் கடைகளில் வாங்கக் கூடாதாம். நாங்கள் சாப்பாட்டிலும் தண்ணீரிலும் ஏதோ மருந்து கலக்கிறோமாம். இதைச் சொன்னவர்களைக்கூட விட்டுவிடலாம். கேட்டு நம்பினார்களே, அவர்களை என்ன சொல்வது? ஏழு வருஷம் எங்கள் குவளையை உதட்டில் வைத்துக் குடித்தவர்கள் ஒரே வாரத்தில் நம்பினார்கள். சைக்காக்காரர் எங்கள் வாசலைக் கடந்து நாலாம் வீட்டுப் பானைக்குப் போவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு பையன் பழக்கதோஷத்தில் எங்கள் குவளையை எடுத்தான். அவன் அம்மா ஓடிவந்து கையில் ஒன்று வைத்து, கலா தண்ணி என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனாள். கலா என்பது எங்களை ஏசுவதற்கு இந்த ஊரில் வைத்திருக்கும் சொல். அதைச் சொன்னவள் போன பெருநாளைக்கு எங்கள் வீட்டு பிரியாணியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவள்.

பினாங்கிலிருந்து பெரியம்மா போன் செய்தார். உம்மாவின் அக்கா. அவர் மாப்பிள்ளை, என் பெரியப்பா, அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். வாப்பாவுக்கு அதிலேயே வேலை, தங்க வீடு, எங்களுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் பேசி வைத்தாயிற்று, உடனே கிளம்பி வாருங்கள் என்றார். எங்களைப் போன்றவர்கள் பாஸ்போர்ட் வாங்குவது லேசான காரியமில்லை. யார் யார் காலிலோ விழுந்து வாப்பா அதை அதற்கு முந்தைய வருஷம்தான் வாங்கி வைத்திருந்தார். உம்மாவுக்குப் போய்விட வேண்டும். ஒரே பிடியாக நின்றார். வாப்பாவுக்கு மனசில்லை. அவருடைய வாப்பா பிறந்ததும் அடங்கியதும் இந்த ஊரில்தான். அன்றைக்கு இருவருக்கும் நடந்த பேச்சு எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"நம்ம தண்ணிய இந்தத் தெரு குடிக்கிற வரைக்கும் நமக்கு இங்க எடம் இருக்கு" என்றார் வாப்பா. "குடிக்கலன்னா சொல்லு, நானே பெட்டியக் கட்டுறேன்."

"சொல்றதுக்கு என்ன இருக்கு? ரெண்டு நாளா நெறஞ்சே கெடக்கு. நீங்களும்தான் தெறந்து பாக்குறிய" என்றார் உம்மா.

வெயில் இன்னும் ஏறவில்லை, அதனால்தான் என்று வாப்பா சமாளித்தார். வெள்ளிக்கிழமைவரை பார்ப்பது என்று முடிவாயிற்று. ஒரு குடும்பம் எந்த நாட்டில் வாழ்வது என்பதை ஒரு மண்பானையிடம் விட்ட மனிதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. நான் செய்ததை மன்னிப்பது அதைவிடக் கஷ்டம்.

எனக்கு பினாங்குக்குப் போகப் பிடிக்கவில்லை. பெரியம்மாவின் மகள்கள் அதற்கு முன்பு ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தார்கள். விருந்தாளிகளாயிற்றே என்று நான் லபெயெ குடிக்கிறீர்களா என்று கேட்டேன். எங்கள் வீட்டில் தேநீருக்கு அதுதான் பெயர். அது பர்மியச் சொல் என்றே எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு இருந்த பத்து நாளும் என்னை வேண்டுமென்றே பேசவிட்டுச் சிரித்தார்கள். பர்மாக்காரி என்று பெயர் வைத்தார்கள். இங்கே நான் கலா, அங்கே பர்மாக்காரி. இங்கே யாராவது ஏசினால் திருப்பி ஏச எனக்கு வாய் நிறைய வார்த்தை இருந்தது. அங்கே போனால் ஊமையாக நிற்க வேண்டும். பத்து வயதில் எனக்கு இருந்த நியாயம் அவ்வளவுதான்.

மதியம் லுஹர் தொழுது, சாப்பிட்டு, உம்மா தம்பியை அணைத்துக்கொண்டு ஒரு கண் அயர்வார். பள்ளிக்கூடம் கோடை விடுமுறை. தெருவில் வெயிலைத் தவிர யாரும் இல்லை. நான் மெல்ல வெளியே போய்ப் பானையைத் திறந்து, குவளை குவளையாக மொண்டு சாக்கடையில் ஊற்றினேன். முதல் நாள் ஆறு குவளை. கடைசியில் குவளையை ஈரத்தோடு கொஞ்சம் கோணலாகக் கவிழ்த்தேன். யாரோ அவசரமாகக் குடித்துவிட்டுப் போன மாதிரி இருக்க வேண்டுமல்லவா? கள்ளத்தனத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதே இல்லை.

அன்று மாலை வாப்பா மூடியைத் தூக்கினார். உள்ளே பார்த்தார். கையை விட்டும் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் வந்து, நாலு நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார். எனக்கு அந்தச் சந்தோஷம் போதவில்லை. மறுநாள் பத்துக் குவளை ஊற்றினேன். வியாழக்கிழமை கைக்குக் கணக்கே இல்லாமல் போய் முக்கால் பானையைக் காலி செய்துவிட்டேன்.

அதுதான் உம்மாவுக்கு உறுத்தியது. வாப்பா வாசலிலிருந்து கூப்பிட்டு, பார்த்தாயா, பார்த்தாயா என்று பானையைச் சாய்த்துக் காட்டினார். உம்மா பார்த்துவிட்டு உள்ளே வந்தார். வாப்பா பின்னாலேயே வந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்.

"நீங்கதானே ஊத்துறிய?"

வாப்பாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அவர் வாழ்நாளில் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. கயிறு நைந்திருந்தால் வாங்க வந்தவனிடம் நைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு வந்தார். அலமாரி மேலிருந்த குர்ஆனை இறக்கி, கையை அதன் மேல் வைத்தார்.

"ஒரு சொட்டு நான் ஊத்துனதில்ல. அல்லா சாட்சி."

நான் அங்கேதான் நின்றேன். தம்பி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாயைத் திறந்திருந்தால் நாலு அறை விழுந்திருக்கும், அடுத்த மாதம் விமானம் ஏறியிருப்போம். நான் தம்பியின் தலையைத் தடவிக்கொண்டு நின்றேன். உம்மா குர்ஆனை வாங்கி முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேலே வைத்தார். தன் கண்ணால் கண்டதை விட்டுவிட்டு, புருஷன் சத்தியத்தை நம்பினார். மறுநாள் காலை பெரியம்மாவுக்குப் போன் செய்தார். நாங்கள் வரவில்லை, இங்கேயும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னார். பெரியம்மா கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார். அந்த வேலைக்கு வேறு ஆள் வந்தார். பாஸ்போர்ட்டுகள் பெட்டியிலேயே கிடந்து காலாவதியாயின. மறுபடி எழுதிப் போட்டபோது தாத்தாவுக்குத் தாத்தா எங்கிருந்து வந்தார் என்பதற்குக் காகிதம் கேட்டார்கள். அதோடு அந்தக் கதவும் மூடிவிட்டது.

ஆரம்பித்ததை நிறுத்த முடியவில்லை. மழை பிடிக்கும்வரை தினமும் ஊற்றினேன். ஏழு வயது தம்பிக்கு இதில் ஒரு விளையாட்டு கிடைத்தது. தூங்கி எழுந்ததும் ஓடிப்போய்ப் பானையைப் பார்ப்பான். இன்றைக்கு யார் குடித்தார்கள் என்று என்னைக் கேட்பான். நானும் சொல்வேன். சைக்காக்காரர் இரண்டு குவளை, எதிர்வீட்டு டோ திம் ஒன்று, டோ திம்மின் மகன் ஒன்றரை, மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டான் என்பேன். தம்பி கையைத் தட்டிச் சிரிப்பான். டோ திம் வெற்றிலைக் கடை வைத்திருந்த அம்மா. அந்த மூன்று மாதமும் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. ஆனாலும் தம்பி வாசலில் நின்று அவருக்குக் கையாட்டுவான்.

மழைக்குப் பிறகு ஊர் மெல்ல ஆறியது. ஒருநாள் சைக்காக்காரர் வந்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி எங்கள் பானையில் மொண்டு குடித்தார். அப்புறம் கீரைக்காரி. அப்புறம் டோ திம். ஒருவராவது ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியவும் இல்லை, ஏனென்றால் அவர்கள் அத்தனை நாள் நிறுத்தியிருந்ததே எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. மன்னிப்புக் கேட்க வேண்டிய கடமையைக்கூட அவர்களுக்கு நான் மிச்சம் வைக்கவில்லை. வாப்பா கதை சொல்ல ஆரம்பித்தார். தம்பி அந்தக் கதையில் வளர்ந்தான்.

தம்பிக்குப் பத்தொன்பது வயதானபோது பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் சட்டம் எங்கள் தெருவுக்கும் வந்திருந்தது. பட்டியல், குலுக்கல் என்று என்னென்னவோ பேசிக்கொண்டார்கள். மோல்மீனில் உம்மாவின் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் இரு, அங்கிருந்து தாய்லாந்து எல்லைப் பக்கம் போய்விடு என்று நான் அவனிடம் தலைதலையாக அடித்துக்கொண்டேன். அவன் சிரித்தான்.

"அக்கா, நம்ம தெருவப் பத்தி ஒங்களுக்குத் தெரியாதா? ஏதாச்சும்னா டோ திம் வந்து சொல்லிட மாட்டாங்களா?"

வாப்பா பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். பத்து வயதில் மூடிய வாயை இருபத்திரண்டு வயதிலும் நான் திறக்கவில்லை. வாப்பாவின் முகத்துக்கு முன்னால் அதை எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். ராத்திரி தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த ராத்திரியும் சொல்லவில்லை.

அந்த வாரமே, பட்டப்பகலில், லபெயெ கடையில் வைத்து அவனைப் பட்டாளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். தெருவில் அவன் வயதில் இருந்த நாலு பையன்கள் இரண்டு நாள் முன்பே ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். வருகிறார்கள் என்ற சேதி வீடு வீடாகப் போயிருக்கிறது. டோ திம்மின் மகனும் போய்விட்டான். எங்கள் கதவை மட்டும் யாரும் தட்டவில்லை.

நான் நேராக டோ திம்மிடம் போனேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். அவர் பொய் சொல்லவில்லை. பர்மியில், மெதுவாக, உண்மையிலேயே யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க வீடு எனக்கு ஞாபகத்துக்கே வரலம்மா."

என்ன ஏசுவது என்று தெரியாமல் திரும்பி வந்தேன். வாய் நிறைய வார்த்தை வைத்திருந்தவள் நான்.

தம்பி ஒரே ஒரு தடவை போன் செய்தான். எங்கே இருக்கிறான் என்று சொல்ல விடவில்லை. தெருவில் எல்லோரும் நலமா என்று கேட்டான். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்டான். வாப்பா எல்லோரும் நலம், எல்லோரும் உன்னைக் கேட்டார்கள் என்றார்.

பத்து வயதில் நான் வாப்பாவை ஏமாற்றுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய மனுஷர், தாங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். யார் குடித்தார்கள் அக்கா என்று கேட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்த ஏழு வயதுப் பிள்ளை, நான் சொன்ன ஒவ்வொரு பெயரையும் நம்பத் தகுந்தவர்கள் என்று மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறான் என்பது எனக்குத் தெரியவில்லை.