முப்பது கூட்டியவர்

என் அக்கா கணவரை ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'முப்பது' என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டு மாடி லிஃப்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து பொத்தான் அழுத்துவது அவர் வேலை. மடியில் எப்போதும் ஒரு நோட்டு. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் வகுபடாத பகா எண் ஒன்றை எடுத்து, முப்பது முப்பதாகக் கூட்டிக்கொண்டே போவார். 107, 137, 167, 197, 227, 257. ஆறும் பகா எண்கள். ஏழாவதாக 287 வந்து, ஏழால் வகுபட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடும். அடுத்து 541இல் தொடங்கினார். ஆறு எண்கள் சமர்த்தாக வந்தன. ஏழாவது 721, மறுபடியும் ஏழால் வகுபட்டது.

பத்தொன்பது வருஷமாக இதே கூத்து. தொடர்ந்து ஏழு பகா எண்கள் கிடைத்துவிட்டால், மேலும் கீழும் போய்த் தேய்ந்த இந்தப் பிழைப்பில் தன்னுடையது என்று ஒன்றாவது இருக்கும் என்று நம்பினார். மேற்பார்வையாளர் வேலைக்கான பரீட்சையைக்கூட இதற்காகவே எழுதவில்லை. "என் நேரம் சரியில்ல மாப்ள" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் அக்கா கொடுத்தனுப்பிய சாப்பாட்டு டப்பாவோடு லிஃப்டில் நின்றிருந்தேன். நோயாளியைப் பார்க்க வந்த கணக்கு டீச்சர் ஒருவர் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"ஏழாவது எண் எப்பவும் ஏழாலதான் வகுபடுதா?"

"ஆமாம்மா. என் தலையெழுத்து."

"தலையெழுத்து இல்லீங்க. முப்பது ஏழால வகுபடாது. அதனால இப்படி வரிசையா ஏழு எண் எடுத்தா, அதுல ஒண்ணு ஏழால வகுபட்டே ஆகணும். முதல் ஆறும் தப்பிச்சா ஏழாவது மாட்டும். ஏழுக்கு மேல எங்க ஆரம்பிச்சாலும் இதே கதைதான். வேற எண்ணைக் கூட்டினா கிடைக்கும். ஆனா அதையெல்லாம் எப்பவோ கண்டுபிடிச்சுட்டாங்க."

ஐந்தாம் மாடியில் அவர் இறங்கிப் போனார். நல்ல மனசோடுதான் சொன்னார், அவரைக் குறை சொல்ல முடியாது.

மாமா பொத்தானைத் தொடவில்லை. மேலே யாரோ விடாமல் மணி அடித்தார்கள். அவர் நோட்டைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் ஏழு, ஏழு, ஏழு. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"விடுங்க மாமா. உங்க நேரம் கெட்டது இல்லன்னாவது தெரிஞ்சுதே."

"கெட்ட நேரம்னா என்னைக்காவது மாறும்னு இருந்தேன் மாப்ள," என்றார். "இது மாறாதே."