இறாலைப் பாத்துக் கூகிள் கேட்ட கேள்வி

வெப்சைட்டுகளைக் கூகிளின்ரை கண்ணிலை படப்பண்ணுறதுதான் என்ரை தொழில். சுன்னாகத்திலை ஒரு கடைக்கு மேலை இருந்து செய்யிறன். கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு விளக்கம் சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டவை கொஞ்சப்பேர் இருப்பியள், உங்களுக்குத்தான் இது.

படலையிலை பூட்டு

அரியாலை ரோசி அக்கா இறால் சம்பல் செய்து போத்தலிலை விக்கிறவ. வெப்சைட் கனடாவிலை இருக்கிற மருமோன் செய்து குடுத்தது. வாங்கிறது முழுக்கச் சொந்தக்காரர்தான். வெளியாக்கள் வாங்காட்டில், மகளைத் தங்கச்சியிட்டை விட்டிட்டுக் கிளிநொச்சியிலை தையல் பக்டரிக்குப் போறதெண்டு மனிசி முடிவெடுத்திருந்தவ. என்னட்டை வந்து அதைச் சொல்லேக்கை அவவின்ரை முகத்தைப் பாக்க ஏலாமல் கிடந்தது.

திறந்து பாத்தன். வெப்சைட் கட்டி முடியும் வரைக்கும் 'தேடுபொறிகள் உள்ளை வராதேங்கோ' எண்டு ஒரு பெட்டியிலை சரி போட்டு வைக்கிறது வழமை. மருமோன் அதை எடுக்க மறந்துபோனான். புதுவீடு குடிபூரலுக்கு ஊரெல்லாம் சொல்லிப்போட்டுப் படலையைப் பூட்டின கதைதான். எடுத்துவிட்டன். அக்கா சொன்னா: "நான் ஆரையும் வரவேண்டாமெண்டு சொல்லேல்லைத் தம்பி. உவன் சின்னனிலையும் ஆக்களைக் கண்டால் கதவைச் சாத்துறவன்."

இறாலும் ஒரு ஏனும்

பூட்டைத் திறந்தும் 'இறால் சம்பல்' எண்டு தேடினால் அக்காவின்ரை வெப்சைட் வரேல்லை. எனக்கு விசர் வந்திட்டுது. கடைசியிலை அந்த 'இறால்' எண்ட சொல்லைக் கொப்பி பண்ணி வேறை இடத்திலை ஒட்டினன். ,why; எண்டு விழுந்தது.

மருமோன் பழைய பாமினி எழுத்திலை அடிச்சிருக்கிறான். எங்கடை கலியாணக் காட்டுகளும் நோட்டீசுகளும் அடிச்ச அதே எழுத்து. பாக்கிறதுக்குத் தமிழ், உள்ளுக்கை கிடக்கிறது இங்கிலீசு எழுத்து. கூகிள் உள்ளுக்கைதான் வாசிக்கும். பாவம், இவ்வளவு நாளும் இறாலைப் பாத்து 'ஏன்' எண்டு வாசிச்சுக்கொண்டு நிண்டிருக்குது. விளக்கிச் சொன்னன். அக்காவுக்குக் கோவம்: "ஏனெண்டு கேக்க எங்கடை இறாலிலை என்ன குறை?"

ஆற்றை ஆள்?

யூனிகோட் தமிழிலை எல்லாத்தையும் அக்காவே போனிலை திருப்பி அடிச்சா. சும்மா சொல்லக்கூடாது, ஒரு எழுத்துப்பிழை இல்லை. நான் தலைப்புகளைச் சரிபண்ணி, திரும்ப வந்து பார் எண்டு கூகிளுக்கு அறிவிச்சன். ஒண்டும் நடக்கேல்லை. பக்டரிக்குப் போற கிழமையும் வந்திட்டுது.

அக்கா உடுப்பு அடுக்கிக்கொண்டிருக்கேக்கை நெல்லியடியிலையிருந்து ஒரு மனிசி கோல் எடுத்துச் சம்பல் கேட்டிருக்கிறா. அக்கா வழமைபோலை "நீங்கள் ஆற்றை ஆள், ஆருக்குச் சொந்தம்?" எண்டு விசாரிக்க, "ஒருத்தற்றை ஆளுமில்லை, கூகிளிலை கண்டனான்" எண்டாவாம். பின்னேரத்துக்கிடையிலை இன்னும் முன்பின் தெரியாத ஆக்கள் எடுத்திட்டினம். பிறகு அக்கா எனக்குக் கோல் எடுத்து, அழுதழுது சொன்னா: "நான் போகேல்லைத் தம்பி. பிள்ளைக்கு நாளைக்கும் நான்தான் தலை இழுத்துப் பின்னிவிடுவன்."

இந்த வேலைக்கு இங்கிலீசிலை என்ன பெரிய பேர் வைச்சாலும், யாழ்ப்பாணத்திலை சொந்தக்காரர் அல்லாத ஒராளைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறதுதான் இதிலை உள்ள கஷ்டம்.